பால்கனிக்குப் போக வேண்டியவர்கள்

என் மாமியார் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது என்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அது திட்டா, பாராட்டா என்று தெரியாமல் நானும் என் மனைவியும் ஒன்றரை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

“மாப்பிள்ளை அப்படியே விளக்குக்காரர்தான்.”

சொல்லிவிட்டுப் பையோடு லிஃப்டுக்குள் போய்விட்டார். கதவு மூடிக்கொண்டது. நான் லிஃப்ட் மெக்கானிக். மூடுகிற கதவை எங்கே கை வைத்தால் நிறுத்தலாம் என்று நன்றாகத் தெரிந்தவன். ஆனாலும் கையை நீட்டத் தோன்றாமல் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன்.

அவர் என்னிடம் நேராகப் பேசியதே அதிசயம். எங்களோடு அவர் இருந்த நாலு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் என் மனைவி வழியாகத்தான். நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். “மாப்பிள்ளைக்கு டீ வேணுமான்னு கேளு” என்பார் மகளிடம். “அத்தைய ஃபேன கொஞ்சம் குறைக்கச் சொல்லு” என்பேன் நான். என் மனைவி எதையும் திருப்பிச் சொல்ல மாட்டாள். எங்கள் இருவருக்கும்தான் காது நன்றாகக் கேட்குமே. அது ஒரு மாதிரியான மரியாதை, அப்படியே பழகிவிட்டது. அப்படிப்பட்டவர் என் முகத்தை நேராகப் பார்த்து, அதுவும் சிரித்துக்கொண்டே இப்படிச் சொன்னால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

விளக்குக்காரர் யார் என்று சொல்லிவிடுகிறேன். ‘படகுத்துறை’ என்று ஒரு தொடர். ஏதோ ஒரு குளிர்ந்த தீவு, எப்போதாவது ஒரு படகு, அதில் வருகிறவர்கள், போகிறவர்கள், அவர்கள் அழுகை. ஆறு சீசன். டப்பிங் தொடர் என்பதால் உதடு ஒரு பக்கம் போகும், குரல் ஒரு பக்கம் போகும். அந்தத் தீவின் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்ப்பவர்தான் விளக்குக்காரர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டிவி ஓடும்போது நானும் கூடத்தில்தான் இருப்பேன், ஆனால் என் மடியில் வயரிங் வரைபடம் விரிந்திருக்கும்.

மாமியாருக்கு அந்தத் தொடர் உயிர். எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் தெருக்கோடி நூலகத்துக்குப் போய், அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் குத்தி வைத்துவிட்டு வந்தார். “படகுத்துறை பார்ப்பவர்கள் உண்டா? பேச ஆள் வேண்டும்.” கீழே எங்கள் வீட்டு முகவரி. எவனாவது திருடன் வரப்போகிறான் என்று நான் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். வந்தது ஒரு பல் டாக்டரம்மா. பிறகு ஒரு பஸ் டிரைவர், ஒரு தையல்கடை அக்கா. அவர்கள் கூட்டிவந்தவர்கள் சிலர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கூடத்தில் கூட்டம். கடைசியில் வாசலில் செருப்பு வைக்க இடமில்லாமல் நான் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வரும் நிலைமை.

கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு, மாமியார் போட்டது. இன்னும் பார்க்காத ஒருவருக்கு முன்னால் கதையைச் சொல்லக்கூடாது. யாராவது எல்லை தாண்டிப் பேச ஆரம்பித்தால், மேஜைமேல் இருக்கும் மணியை ஒருவர் தட்டுவார். ஹோட்டல் வரவேற்பில் வைத்திருப்பார்களே, உள்ளங்கையால் தட்டுகிற மணி, அது. மணி அடித்தால், பார்க்காதவர்கள் எழுந்து பால்கனிக்குப் போய் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பேசி முடித்ததும் மறுபடி மணி. உள்ளே வரலாம். வளர்ந்த மனிதர்கள் என் வீட்டு பால்கனியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிற்பதைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அன்று நான் இரண்டு காரியம் செய்தேன். காலையில் பால்கனியில் எரியாமல் கிடந்த பல்பை மாற்றினேன். மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சாயங்காலம் ஒரு கட்டடத்தில் பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டோடு மல்லுக்கட்டிவிட்டு, கிரீஸும் வியர்வையுமாக வீட்டுக்கு வந்தேன். கூடம் நிறைய ஆட்கள். என் நாற்காலியில் தையல்கடை அக்கா. நேராகச் சமையலறைக்குப் போய்க் கை கழுவிக்கொண்டே மனைவியிடம் சொன்னேன். “இது வீடா, தியேட்டரா? உங்கம்மா எப்ப டிக்கெட் குடுக்கப் போறாங்க?”

மெதுவாகத்தான் சொன்னேன். என் மெதுவே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்கிறாள் மனைவி. அது அவள் கருத்து.

மறுநாள் காலை மாமியார் மகன் வீட்டுக்குக் கிளம்பினார். நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். நாலு நாள் வாரமாகி, வாரம் மாதமாகி, ஒவ்வொரு முறை கேட்கும்போதும் “அடுத்த வாரம் பாக்கலாம்” என்றே பதில் வந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு டிவி பக்கத்திலேயே கிடந்தது. என் மனைவி அதைத் தினமும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

எங்கள் சிக்கல் இதுதான். நான் சமையலறையில் சொன்னது அவர் காதில் விழுந்ததா, இல்லையா? விழுந்திருந்தால் விளக்குக்காரர் என்பது வசவு. போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். விழவில்லை என்றால் பல்பு மாற்றியதற்காகச் சொன்ன பாராட்டு. “வாங்கம்மா” என்று கூப்பிட்டால் போதும்.

“நேரா மன்னிப்பு கேட்டுடறேனே, என்ன குறைஞ்சிடும்” என்றேன்.

“அம்மா காதுல விழலைன்னா? எதுக்கு மன்னிப்புன்னு கேப்பாங்க. அப்ப நீங்க என்ன பேசுனீங்கன்னு நீங்களே சொல்ற மாதிரி ஆயிடும். இருக்கற மானமும் கப்பலேறிடும்” என்றாள் மனைவி.

“சும்மா வாங்கன்னு கூப்பிட்டா?”

“விழுந்திருந்தா? பேசறதையும் பேசிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி கூப்பிடறாரேன்னு நினைப்பாங்க. அதுக்கு கூப்பிடாமலே இருக்கலாம்.”

அவள் சொல்வதும் சரி. லிஃப்டில் ஒரு பழுது என்றால் மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். மனுஷர்களுக்கு அப்படி ஒரு மூடி வைக்காமல் விட்டது பெரிய குறை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மனைவி போனில் நாசூக்காகக் கேட்டுப் பார்த்தாள். நான் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

“ஏம்மா, அவரைப் போய் விளக்குக்காரர்னு சொன்னியே, நல்லவிதமா சொன்னியா, கெட்டவிதமா சொன்னியா?”

“பாத்தவங்களுக்குத் தெரியும்” என்றார் மாமியார். “நீ பாக்கலை. உங்கிட்ட சொல்லக்கூடாது.” சட்டம் மகளுக்கும் சேர்த்துத்தான்.

சரி, பார்த்துத் தொலைப்போம் என்று நானே உட்கார்ந்தேன். முதல் சீசன், முதல் எபிசோடு. கடல், படகு, ஒரு பெண் இறங்கி அழுகிறாள். இரண்டாவதில் இன்னொரு பெண் இறங்கி, முதலில் வந்தவளைப் பார்த்து அழுகிறாள். யார் யாருக்கு அக்கா, யார் யாருக்குச் சக்களத்தி, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. மூன்றாவதில் தூங்கிவிட்டேன். விளக்குக்காரர் வந்தாரா, நான் குறட்டை விடும்போது வந்துவிட்டுப் போனாரா, அதுவும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் பல் டாக்டரம்மா போன் செய்தார். “அம்மா ஊர்ல இல்லைன்னாலும் கூட்டம் உண்டுதானே?”

எனக்குப் பொறி தட்டியது. அந்தத் தொடரைக் கரைத்துக் குடித்தவர்கள் என் வீட்டுக் கூடத்துக்கே வரப்போகிறார்கள். பேச்சோடு பேச்சாக விளக்குக்காரர் நல்லவரா கெட்டவரா என்று கறந்துவிட்டால் போதாதா? “கண்டிப்பா உண்டு, வாங்க” என்றேன். மனைவிக்கு அன்று மருந்துக்கடையில் சாயங்கால ஷிஃப்ட். “வாயைக் குடுத்து மாட்டிக்காதீங்க” என்று ஆயிரம் தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

நாற்காலிகளைப் போட்டேன். பிளாஸ்கில் டீ, தட்டில் பிஸ்கட். மாமியார் எங்கே எதை வைப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். இத்தனை நாள் என் கண் முன்னால் நடந்ததில் மணி இருக்கும் இடம் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும் என்று பலர் வரவில்லை. வந்தவர்கள் நாலே பேர். டாக்டரம்மா, டிரைவர், தையல்கடை அக்கா. நாலாவது ஆள் புதியவர். நூலகத்துக்கு எதிரே சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறவர், இடுப்பில் சாவிக்கொத்து சலசலக்க வந்தார். மாமியார் கிளம்புவதற்கு முன் அவரிடம் பூட்டு ஒன்று ரிப்பேருக்குக் கொடுத்தாராம். அப்படியே தொடரையும் பிடித்து அவர் தலையில் கட்டிவிட்டார்.

“நாலாவது சீசன், ரெண்டாவது எபிசோடுல இருக்கேன்” என்றார் சாவிக்காரர்.

“அதுக்குள்ள நாலா?” என்றேன்.

எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நான் பிஸ்கட் தட்டை நகர்த்தினேன்.

கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் டாக்டரம்மாவின் புது நாற்காலியைப் பற்றியும் பேச்சு போனது. எனக்குப் பொறுக்கவில்லை. “இந்த விளக்குக்காரரைப் பத்தி நீங்கள்லாம் என்ன நினைக்கறீங்க?” என்று போட்டேன்.

டாக்டரம்மா உடனே மணியைத் தட்டினார். சாவிக்காரர் பொறுப்பாக எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“பாவி” என்றார் டாக்டரம்மா. “புயல் ராத்திரியில வேணும்னே விளக்க அணைச்சவன். பாறையில மோதி எத்தனை உயிர் போச்சு. அவனெல்லாம் ஒரு மனுஷனா?”

அப்படியானால் வசவுதான். மாமியார் காதில் விழுந்துவிட்டது, சந்தேகமே இல்லை.

“டாக்டர், அப்படிச் சொல்லாதீங்க” என்றார் டிரைவர். வாட்டசாட்டமான ஆள், ஆனால் இந்தத் தொடர் என்றால் கண் கலங்கிவிடும். “அவர் தெய்வம். பின்னால துப்பாக்கியோட வந்தவங்ககிட்டேருந்து அந்தச் சின்னப் படகைக் காப்பாத்தத்தானே அணைச்சாரு. பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாரு.”

எனக்கு மூச்சு வந்தது. பாராட்டுதான். பல்புக்குத்தான்.

தையல்கடை அக்கா மடியில் இருந்த பாவாடையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டே தலையை ஆட்டினார். “ரெண்டு பேர் சொல்றதும் சரியில்ல. அவருக்கு அந்த ராத்திரி கண்ணே தெரியல. விளக்கு எரியுதுன்னு நினைச்சிக்கிட்டு பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. அணைஞ்சது அவருக்குத் தெரியவே தெரியாது.”

பாவியா, தெய்வமா, குருடா? மூவரும் ஒரே தொடரைத்தான் பார்க்கிறார்களா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. டாக்டரம்மா குரலை உயர்த்த, டிரைவர் கண்ணைத் துடைக்க, அக்கா நூலைப் பல்லால் கடிக்க, நான் யார் வாயைப் பார்ப்பது என்று தெரியாமல் மாறி மாறிப் பார்த்தேன்.

திடீரென்று டிரைவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. அவரோட சீன்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?”

இதற்கு என்ன சொல்வது? விளக்குக்காரர் என்றால் விளக்கு ஏற்றாமல் இருப்பாரா? “அவர் விளக்கு ஏத்தற சீன்” என்றேன்.

அக்காவின் ஊசி நின்றது.

“ஏத்தவே மாட்டாரே” என்றார் டாக்டரம்மா மெதுவாக. “ஆறு சீசன்லயும் அவர் விளக்கு ஏத்தறதைக் காட்டவே மாட்டாங்க. அதைப் பத்தி நாங்க ஒரு கூட்டம் முழுக்கப் பேசியிருக்கோம். நீங்க எதுவரைக்கும் பாத்திருக்கீங்க?”

குட்டு வெளிப்பட்டுவிட்டது. “முதல் சீசன்” என்று மென்று முழுங்கினேன். “மூணாவது எபிசோடு. பாதி.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். பிறகு தட்டினார்.

“இது என் வீடு” என்றேன்.

“அம்மா போட்ட சட்டம்” என்றார் அவர். என் பல்லில் ஏதோ சொத்தையைக் கண்டுபிடித்துவிட்ட முகம்.

எழுந்து போனேன். என் வீட்டு பால்கனிக்கு, நானே மாற்றிய பல்பின் கீழே, அசடு வழிந்துகொண்டு போய் நின்றேன். சாவிக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார். “உங்களையுமா” என்று கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று வாய்களும் ஓயாமல் அசைந்தன. ஒரு பேச்சும் கேட்கவில்லை. நல்ல கதவு, நான்தான் ரப்பர் வைத்து இறுக்கினேன். உள்ளே என் கேள்விக்குப் பதில் ஓடிக்கொண்டிருந்தது, நான் வெளியே நின்று மழை வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தையல்கடை அக்காவும் டிரைவரும் கூடத்திலிருந்து எழுந்து போனார்கள். அடுத்த நொடி அக்காவின் குரல் என் காதுக்குள்ளேயே கேட்டது.

“சர்க்கரை எங்க வச்சிருக்காங்கன்னு தெரியலையே.”

திடுக்கிட்டுத் திரும்பினேன். சமையலறை ஜன்னல். பால்கனியின் ஓரச் சுவரில், என் தோளுக்குப் பக்கத்தில், பாதி திறந்து கிடந்தது. நாலு வருடமாக அந்த ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. நான்தான் பால்கனியில் வந்து நின்றதே கிடையாது, பல்பு மாற்றுவது மாதிரி கொஞ்ச நேர வேலைகளைத் தவிர.

“பாவம் மெக்கானிக்” என்றது டிரைவரின் குரல். “வெளிய நிக்க வச்சது மனசுக்கு என்னமோ போல இருக்கு.”

“சட்டம்னா சட்டம்தான். போன தடவை அம்மாவே போய் உக்காரலையா?” என்றார் அக்கா. “ஆறாவது சீசனை அவங்க இன்னும் பாக்கலைன்னுதான் நாம மாசக்கணக்கா வாயை மூடிக்கிட்டு இருந்தோம். அன்னைக்கு டாக்டருக்குப் பொறுக்கல, ஆரம்பிச்சிட்டாங்க. அம்மா தானே மணியைத் தட்டிட்டு, நாற்காலியை எடுத்துக்கிட்டு பால்கனிக்குப் போனாங்க. மெக்கானிக் வேலையிலேருந்து வந்து கை கழுவப் போனாரே, அப்பகூட அங்கதானே இருந்தாங்க.”

“ஆமாமா. உள்ள வந்தப்ப முகமே சரியில்ல. குளிருதுன்னு சொன்னாங்க.”

ஸ்பூன் டம்ளரில் மோதும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. சாவிக்காரர் என்னைப் பார்த்து, “இங்க எல்லாம் நல்லா கேக்குதே” என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதே ஜன்னல். அதே நாற்காலி, இன்னும் அங்கேதான் கிடந்தது. இதில் உட்கார்ந்துகொண்டுதான் அவர் கேட்டிருக்கிறார், இது வீடா, தியேட்டரா. கேட்டுவிட்டு உள்ளே போய் எல்லோருக்கும் டீ கொடுத்திருக்கிறார். மறுநாள் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

போனை எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது, என்னிடம் மாமியாரின் நம்பர் இல்லை. நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தவரின் நம்பர் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. மனைவிக்குப் போட்டேன், கடையில் எடுக்கவில்லை.

“அம்மா நம்பரா? எங்கிட்ட இருக்கே” என்றார் சாவிக்காரர். “எந்த எபிசோடு வந்திருக்கேன்னு தினம் கேப்பாங்க.”

அவருடைய போனிலேயே போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

“சொல்லுங்க தம்பி, மூணாவது முடிச்சிட்டீங்களா?” என்றது மாமியாரின் குரல். என்னிடம் ஒருநாளும் காட்டாத உற்சாகம் அதில் இருந்தது.

“அத்தை, நான்தான்.”

“அவ நல்லா இருக்காளா?” என்றார் பதறி.

“நல்லா இருக்கா அத்தை. வேலைக்குப் போயிருக்கா. நான் பால்கனியிலேருந்து பேசறேன்.”

“பால்கனியிலயா? யார் அனுப்பினா?”

“டாக்டர்.”

“சரிதான். பாக்கலைன்னா போகத்தான் வேணும்.”

“அத்தை, இங்கேருந்து சமையலறை நல்லா கேக்குது.”

“கேக்கும்” என்றார்.

அவரே தொடர்ந்தார். “டிக்கெட் எவ்வளவு வைக்கலாம்னு நானும் இன்னும் யோசிச்சிக்கிட்டுதான் இருக்கேன் மாப்பிள்ளை.”

சிரிக்கிறாரா என்று உற்றுக் கேட்டேன். தெரியவில்லை. “தப்பு அத்தை” என்றேன். “நான் வாயில வந்ததைப் பேசற ஆளு. லிஃப்ட் கதவைக்கூடத் திட்டிக்கிட்டேதான் ரிப்பேர் பண்ணுவேன். மனசுல வச்சுக்காதீங்க.” சொல்லும்போதே அது சப்பைக்கட்டாகக் கேட்டது. அதனால் வேறு கேட்டேன். “ஆறாவது சீசனை ஏன் இன்னும் பாக்கலை அத்தை? எல்லாரும் பாத்தாச்சு. நீங்கதானே எல்லாருக்கும் முன்னாடி பாக்கணும்.”

அவர் பக்கத்தில் ஏதோ குக்கர் சத்தம் போட்டு அடங்கியது.

“அதைப் பாத்துட்டா முடிஞ்சிடும். முடிஞ்சிட்டா அவங்க எல்லாம் எதுக்கு வருவாங்க? அவங்களும் வரலைன்னா, அந்த வீட்டுல எனக்கு என்ன வேலை மாப்பிள்ளை?”

நான் அழுகிறவன் இல்லை. டிரைவரைப் பார்த்துக் கேலி செய்தவன். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது, வலித்தது. கூடவே, டிவி சத்தமில்லாத இந்த ஒன்றரை மாதமும் மடியில் விரித்த எந்த வரைபடமும் எனக்கு ஓடவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

“எனக்கு ஒண்ணுமே புரியலை அத்தை” என்றேன். “ஒருத்தர் பாவின்னு சொல்றாங்க, ஒருத்தர் தெய்வம்னு சொல்றாங்க, இன்னொருத்தர் கண்ணு தெரியாதுன்னு சொல்றாங்க. விளக்குக்காரர் நல்லவரா, கெட்டவரா? அதையாவது சொல்லுங்க.”

“எதுவரைக்கும் பாத்திருக்கீங்க?”

“ஒண்ணாவது சீசன், மூணாவது எபிசோடு.”

“ஒண்ணுலேருந்தா ஆரம்பிச்சீங்க?” என்றார். தியேட்டர் என்று சொன்னதற்குக்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார். “யாரு சொன்னா உங்களுக்கு? டாக்டர் அப்படித்தான் பாத்துக் கெடுத்துக்கிட்டாங்க. நான் உங்க வீட்டுக்கு வந்தப்ப டிவியில நாலாவதுதான் ஓடிச்சு, அங்கேருந்து ஆரம்பிச்சேன். அதுதான் சரி. நாலு, அஞ்சு, அப்புறம் ஒண்ணு. எங்க கூட்டத்துல எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றேன். ஒண்ணுலேருந்து பாத்தா அவரைப் பிடிக்காது. பிடிக்காம போச்சுன்னா அப்புறம் என்ன பண்ணாலும் பிடிக்காது. நாலுலேருந்து பாத்தா முதல்லயே பிடிச்சிடும். பிடிச்சதுக்கு அப்புறம்தான் அவர் பண்ணது தெரிய வரும். அப்ப…”

நிறுத்திவிட்டார்.

“அப்ப?” என்றேன்.

“இதுக்கு மேல சொல்லக்கூடாது. நீங்க பாக்கலை.”

“அப்ப வந்து கூட உக்காருங்க அத்தை. நாலுலேருந்து பாக்கறேன். தனியாப் பாத்தா தூங்கிடுவேன். ஆறாவது வரைக்கும் வர எனக்கு எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. அதுவரைக்கும் நீங்க முடிக்கவும் முடியாது, யாரு யாருன்னு எனக்குச் சொல்லித் தராம இருக்கவும் முடியாது. அங்கேயும் இங்கேயுமா என்னால போன்ல புரிஞ்சிக்க முடியாது.”

உள்ளே மணி அடித்தது ஜன்னல் வழியாகக் கேட்டது. சாவிக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் கையால் இருங்கள் என்று காட்டினேன்.

“மணி அடிக்குதே, உள்ள போங்க” என்றார் மாமியார். “டீ ஆறிடும்.” வைத்துவிட்டார்.

வருகிறேன் என்றாரா, மாட்டேன் என்றாரா? வேலை முடிந்து வந்த மனைவி நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “ஆக மொத்தம் திட்டா, பாராட்டா?” என்றாள். தெரியவில்லை என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். நடுவில் எது எதுவென்று எனக்கு விளங்கவில்லை.

அந்த வாரமே ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது மூக்குக்கண்ணாடிக் கூடு டிவி பக்கத்தில் இல்லை. கண்ணாடி மாமியாரின் மூக்கில் இருந்தது. “மாப்பிள்ளை வந்தா உக்காரச் சொல்லு, நாலாவது போட்டு வச்சிருக்கேன்” என்றார் சமையலறைப் பக்கம் பார்த்து. உட்கார்ந்தேன். வரைபடத்தை எடுக்கவில்லை.

விளக்குக்காரரை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். தாடி வைத்த கிழவர். படகில் வந்து இறங்குகிற ஒவ்வொருவரையும் எதற்கு வந்தாய் என்று வாய் ஓயாமல் திட்டுகிறார். திட்டிக்கொண்டே அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார். இந்த ஆளைப் போய் எதற்குக் கொண்டாடுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. விட்டுவிட்டு எழுந்திருக்கவும் முடியவில்லை. “நல்லவர்தானே அத்தை?” என்று ஜாடையாகக் கேட்டேன். “பேசாம பாருங்க” என்றார்.

அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்துக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். செருப்பு மாடிப்படி வரை இறங்கியிருந்தது. டாக்டரம்மா வாயைத் திறந்த வேகத்தில் மணி அடித்தது. நான் இன்னும் நாலாவது சீசனைத் தாண்டவில்லை. சாவிக்காரர் என்னை முந்திவிட்டார், ஆனாலும் அவருக்கும் பால்கனிதான். ஆளுக்கொரு நாற்காலியோடு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். சாவிக்காரர், அடுத்த எபிசோடில் ஒன்று நடக்கப்போகிறது, சொல்லட்டுமா என்று ஆசைகாட்டினார். வேண்டாம் என்றேன்.

சமையலறையில் விளக்கு எரிந்தது. அம்மாவும் மகளும் டீ ஊற்றும் சத்தம்.

“இது வீடா, ஒர்க்‌ஷாப்பா?” என்றார் மாமியார். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையும் தெரியும்படி. “எங்க உக்காந்தாலும் ஸ்க்ரூ குத்துது. என் தலையணைக்கு அடியில ஒரு ஸ்பேனர். உன் புருஷன் எப்பத்தான் கடை போர்டு மாட்டப் போறார்?”

“அம்மா, மெதுவா” என்றாள் என் மனைவி. “ஜன்னல் தொறந்திருக்கு.”

“தெரியும்” என்றார் மாமியார்.

சாவிக்காரர் என்னைப் பார்த்தார். “உங்களைத்தான் சொல்றாங்களா?” என்று கிசுகிசுத்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜன்னல் முழுதாகத் திறந்தது. இரண்டு டம்ளரோடு ஒரு கை வெளியே வந்தது. “மாப்பிள்ளைக்குச் சர்க்கரை போதுமான்னு கேளு” என்றார் மாமியார், உள்ளே இருந்த மகளிடம்.

என் மனைவி வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. நான் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கசந்தது. சர்க்கரையே போடவில்லை.

“போதும் அத்தை” என்றேன்.